மூன்று குவாட் வண்டிகள், 19 பிளக்குகள்: கல்குடாப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் கிழக்குக் கரையில், வாழைச்சேனைக்கும் கல்குடாவுக்கும் இடையில் உள்ள ஒரு தென்னந்தோட்டத்தில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஓட்டப்பாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். நிலம் முழுக்கக் கடற்கரை மணல். பழைய டயர்களைப் பாதிக்குப் புதைத்து வளைவுகளைக் குறித்திருக்கிறார்கள். ஒரு சுற்று சுமார் 300 மீற்றர் வரும். சனி, ஞாயிறு பின்னேரங்களில் நான்கு பிள்ளைகள் அங்கே நாலு சில்லு குவாட் வண்டி ஓட்டிப் பழகுவார்கள். மாதக் கடைசியில் தங்களுக்குள் 10 சுற்றுப் போட்டி. நேரம் எடுப்பதும் கொடி காட்டுவதும் தாய் தகப்பன்மார்.

மூன்றும் 2 ஸ்ட்ரோக் வண்டிகள், அதாவது பெற்றோலோடு ஒயிலும் சேர்ந்து எஞ்சினுக்குள் போய் எரிபவை. காற்றில் குளிரும் எஞ்சின், கியர் மாற்றத் தேவையில்லாத பெல்ட் ஓட்டம். சிவப்பும் நீலமும் 90 சிசி. 12 வயதைத் தாண்டிய மூன்று பையன்கள் அவற்றை மாறி மாறி ஓட்டுகிறார்கள். பச்சை 50 சிசி. அதை ஓட்டுவது எட்டு வயது மகள் ஒருத்தி. மூன்றும் ஐரோப்பாவில் பாவித்து இறக்கப்பட்டு, கொழும்பில் இரண்டு கை மாறி இங்கே வந்தவை. கையேடு எதுவும் கூட வரவில்லை.

நான் மட்டக்களப்பு நகரில் சின்ன எஞ்சின் திருத்துகிறவன். படகுக்குப் பூட்டும் அவுட்போர்ட், வாட்டர் பம்ப், புல்வெட்டும் மெசின் என்று ஓடும் வேலை. 2 ஸ்ட்ரோக் எனக்குப் பழக்கம் என்றாலும், பிள்ளைகள் ஓட்டும் குவாட்டை அதற்கு முதல் தொட்டதில்லை. இந்தக் கதையில் அதுவும் ஒரு பகுதி.

மார்ச் நடுவில் மழை ஈரம் காய்ந்து பாதை ஓடக்கூடியதாக வந்தது. மே கடைசிக்குள் 19 பிளக், அதாவது எஞ்சினுக்குள் பொறி விட்டுப் பெற்றோலைப் பற்றவைக்கும் சாமான், போய்விட்டது.

மே முதல் கிழமை: தொலைபேசியில் சொன்ன வைத்தியம்

முதல் அழைப்பு சிவப்பு வண்டிக்காரப் பையனின் தகப்பனிடமிருந்து வந்தது. வண்டி பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு இருமும், நின்றுவிடும். பிளக்கைக் கழற்றினால் கறுப்பு. புதியது போட்டால் மறுபடி பத்து நிமிடம். கம்பித் தூரிகையால் தேய்த்தும் பார்த்திருக்கிறார்கள், காஸ் அடுப்பில் சுட்டும் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவில்லை.

"எந்த வண்டி?" என்று கேட்டேன். மூன்றும் என்றார்.

மூன்றிலும் பிளக் கறுக்கிறது என்றால், மெல்ல ஓடும் பிள்ளைகளுக்குப் பிளக் சூடாகவில்லை என்று நான் கணக்குப் போட்டேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நுனி ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் போனால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரிக்கும். அதற்குக் கீழே நின்றால் கரி படிந்துகொண்டே போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். இடைவெளியில் பாய வேண்டிய கரண்ட் பீங்கானின் மேலாலேயே வழிந்து பிளக்கின் இரும்பு உடம்புக்குப் போய்விடும், பொறி விழாது. ஆகவே ஒரு படி சூடான பிளக் போடச் சொன்னேன். வண்டியில் இருந்தது என்ஜிகே கம்பனியின் பிபிஆர்7எச்எஸ்; அதில் 7தான் சூட்டு இலக்கம். என்ஜிகேயில் இலக்கம் குறையக் குறைய பிளக் சூடு கூடும். பொஷ், சாம்பியன் பிளக்குகளில் இது மறுபக்கம், இலக்கம் கூடினால்தான் சூடு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய என்பதால் இலக்கத்தை எழுதிக்கொள்ளச் சொன்னேன். 6 கடையில் இல்லை. அவர்கள் 5 வாங்கி மூன்று வண்டிக்கும் போட்டார்கள்.

இரண்டு கிழமை பிரச்சினை குறைந்தது. அதனால் எல்லோரும், நானும்தான், காரணம் பிடிபட்டுவிட்டது என்று நம்பினோம். வண்டிகளைப் பார்க்காமல், கழற்றிய ஒரு பிளக்கையும் கையில் எடுக்காமல் நான் கொடுத்த ஆலோசனை அது.

மே கடைசி: பாதையில் நின்ற பச்சை வண்டி

மூன்றாவது கிழமை ஞாயிறு, ஒரு வளைவு முடியும் இடத்தில் பச்சை வண்டி திடீரென்று நின்றுவிட்டது. பின்னால் நீலம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் ஹான்டிலை வெட்டித் திருப்பி டயர் வரிசைக்குள் போனான். அவனுக்கு முழங்கையில் உரசல், சிறுமிக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அந்த இரவு மறுபடி அழைப்பு. பிளக் செலவைப் பற்றி இந்த முறை ஒருவரும் கதைக்கவில்லை. அடுத்த நாள் நான் நேரில் போனேன்.

பால்மாப் பேணிக்குள் இருந்த இரண்டு கறுப்பு

சிவப்பு வண்டி நிற்கும் வீட்டில் பழைய பிளக் எல்லாவற்றையும் ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டு வைத்திருந்தார் அந்தப் பையனின் தாத்தா. எறிய மனமில்லை. "மறுகா என்ன செய்யிற மனே, இவ்வளவு காசு குடுத்து வாங்கின சாமான்" என்றார். அவர் எறியாமல் வைத்திருந்தது பெரிய உதவி.

விறாந்தையில் பத்திரிகை விரித்து 19ஐயும் கொட்டி வரிசையாக வைத்தேன். வெயிலில் சரித்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. 12 பிளக்குகளின் கறுப்பு பளபளத்தது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு, நூல் பிடித்த மாதிரி இழுபட்டது, ஒயில் மணம். மீதி ஏழும் மங்கல் கறுப்பு. சிமினி விளக்குக் கண்ணாடியில் படியும் புகைக் கரி மாதிரி. விரலில் தூளாக ஒட்டியது, ஈரமே இல்லை.

தொலைபேசியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வந்தது: கறுத்துவிட்டது. ஆனால் ஈரக் கறுப்பு ஒயில் கூடியதால் வருவது. உலர்ந்த கரி பெற்றோல் கூடியதால், அல்லது காற்று குறைந்ததால் வருவது. இரண்டும் வேறு நோய். மூன்று வண்டிக்கும் ஒரே மருந்து சொன்ன இடத்திலேயே நான் பிழை விட்டிருந்தேன்.

மல்டிமீற்றரை வைத்துச் சிலதை அளந்தேன். நல்ல பிளக்கில் மேல் முனைக்கும் இரும்பு உடம்புக்கும் இடையில் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. அளந்தவற்றில் பாதிக்கு மேல் சில ஆயிரம் ஓம் காட்டின. வெளியே சிலிண்டர் தலையில் வைத்து உதைத்தால் இவற்றில் சிலவற்றில் நெருப்பு அழகாக விழுந்தது. அதை நம்பித்தான் "கரண்ட் வருகுதே" என்று இவர்கள் குழம்பியிருக்கிறார்கள். வெளிக்காற்றில் பொறி விழுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தின் கீழ் விழ அதைவிடப் பல மடங்கு வோல்ற்றேஜ் வேண்டும்.

இன்னொன்றும் கண்டேன். 19இல் ஆறு பிளக்குகளில் ஆர் என்ற எழுத்தே இல்லை, கடைசியில் 10 என்று இருந்தது. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே அவுட்போர்ட் சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும் பிளக் அது. மரையும் நீளமும் சரி, ஆனால் இடைவெளி 1 மில்லிமீற்றர். இந்த வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 வரைதான் வேண்டும். ஆர் என்பது உள்ளே தடை இருக்கிறது என்பதைக் குறிக்கும்; அது இல்லாவிட்டால் பொறியின் மின் இரைச்சல், பொறியை நேரம் பார்த்து விடும் சிடிஐ பெட்டியைக் குழப்பலாம். நல்ல காலம், எச் இருக்கும் இடத்தில் ஈ உள்ள பிளக் ஒன்றும் வாங்கவில்லை. எச் என்றால் மரை நீளம் 12.7 மில்லிமீற்றர், ஈ என்றால் 19. அது இந்த எஞ்சினுக்குள் போனால் பிஸ்டனில் இடிக்கும்.

பேணிக்குள் இருந்தவற்றில் எது எந்த வண்டியுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் நீலத்துக்கும் பச்சைக்கும் பழையபடி 7 இலக்கப் பிளக் புதிதாகப் போட்டோம். சிவப்புக்கு மட்டும் 7 கிடைக்கவில்லை என்பதால் 5 அப்படியே இருந்தது. அதைத் துடைத்து மாட்டினேன். ஒரு கொப்பி வாங்கி, கழற்றும் ஒவ்வொரு பிளக்கிலும் ஒட்டும் பேப்பர் சுற்றி நிறம், திகதி, எத்தனை சுற்று என்று எழுதச் சொன்னேன். அந்தப் பொறுப்பைச் சிறுமி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரே கான், மூன்று வண்டி

ஈரப் பிளக்குகள் சிவப்பிலும் நீலத்திலும் இருந்து வருகின்றன, உலர்ந்தவை பச்சையில் இருந்து என்று அடுத்த சனிக்கிழமையே பிரிந்து தெரிந்தது.

சிவப்பின் இருக்கையைத் தூக்கினால் தனி ஒயில் தாங்கி. அதிலிருந்து ஒயில் பம்ப் தானாக இழுத்து, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்கு விடுகிறது. நீலத்திலும் அப்படியே. பச்சையில் தாங்கி இருக்கிறது, பம்பை யாரோ முன்பே கழற்றி ஓட்டையைத் தகட்டால் மூடியிருந்தார்கள். ஆகவே பச்சைக்குப் பெற்றோலில் ஒயில் கலந்தே ஊற்ற வேண்டும். விற்றவர் "ஒயில் கலந்து ஊத்துங்க" என்று சொல்லியிருக்கிறார், எந்த வண்டிக்கு என்று சொல்லவில்லை. இவர்கள் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் கலந்த ஒரே கானில் இருந்து மூன்றுக்கும் ஊற்றினார்கள். இருக்கைக்குக் கீழே ஒயில் தாங்கியைக் கண்டதால் அதையும் நிரப்பினார்கள். பிள்ளைகளின் எஞ்சின் இறுகிவிடக்கூடாது என்ற கவனம்தான் அது. கணக்கில் பார்த்தால் பம்ப் லீற்றருக்கு 20 முதல் 25 மில்லி வரை விடும். கானில் 40. சேர்த்து 60க்கு மேல், அதாவது ஏறத்தாழ 16க்கு 1.

ஒயிலின் வகையும் சரியில்லை. மீன்பிடிக்காரரான மாமா ஒருவர் கொடுத்த அவுட்போர்ட் ஒயில். பேணியில் டிசி-டபிள்யூ3 என்று இருந்தது. கடல் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு அது அருமையான ஒயில். காற்றில் குளிரும் எஞ்சின் அதைவிடக் கூடுதல் சூட்டில் ஓடும். அதற்கு ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று குறித்த 2 ஸ்ட்ரோக் ஒயில் வேண்டும். புல்வெட்டும் மெசினுக்கு விற்கும் ஒயில்களில் அந்தக் குறி இருக்கிறது.

முதலில் சோதனைக்காக, சிவப்புக்கும் நீலத்துக்கும் தனிக் கானில் வெறும் பெற்றோல் ஊற்றி, ஒயிலைப் பம்ப் மட்டும் கொடுக்க விட்டோம். தாங்கியில் கோடு போட்டு, ஒவ்வொரு வண்டியும் 2 லீற்றர் எரித்த பிறகு அளந்தோம். பம்புகள் சரியாகவே வேலை செய்தன. புகை உடனே குறைந்தது. நீலத்தின் பிளக் ஈரமில்லாமல் வெளிவந்தது. அந்த வண்டியின் கதை அதோடு முடிந்தது.

ஆனால் நிரந்தரமாக எப்படி வைப்பது என்பதில் பெரிய கதை நடந்தது. பம்பை வைத்துக்கொண்டு இரண்டு கான் பாவிக்கலாம்: வெறும் பெற்றோல் ஒன்று, பச்சைக்குக் கலந்தது ஒன்று. தகப்பன்மார் இருவருக்கும் அதுதான் விருப்பம். நான் மறுத்தேன். கலந்த கான் மாறிச் சிவப்புக்குப் போனால் ஒரு பிளக் போகும். வெறும் பெற்றோல் மாறிப் பச்சைக்குப் போனால் பிஸ்டன் இறுகும், அதுவும் எட்டு வயதுப் பிள்ளை பாதையில் இருக்கும்போது. இரண்டு பிழையும் ஒரே எடை அல்ல. வெயிலில், பிள்ளைகள் அவசரப்படுத்தும்போது, கான் மாறாது என்று யார் உறுதி சொல்வது?

கடைசியில் சிவப்பு, நீலம் இரண்டின் பம்பையும் கழற்றினோம். 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் மூடி வெட்டி, காஸ்கெட் வைத்து இறுக்கினோம். காபரேட்டரின் ஒயில் வாயையும் அடைத்தோம். ஒரே கான், ஒரே கலவை: 40க்கு 1. 5 லீற்றருக்கு 125 மில்லிலீற்றர். அளக்க 50 மில்லி மருந்துச் சிரிஞ்ச் ஒன்றைக் கானோடு நூலால் கட்டிவிட்டோம். இரண்டரைத் தடவை இழுத்தால் சரி. இதில் இழப்பும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கலக்க வேண்டும், கலந்த பெற்றோலை மாதக்கணக்கில் வைக்கவும் முடியாது. அதை ஏற்றுக்கொண்டோம்.

சிவப்பு: கச்சான் வீசிய சனிக்கிழமை

ஜூன் நடுவில் கச்சான் பலமாக வீசியது. மேற்கிலிருந்து மலை தாண்டி இறங்கிவரும் அந்தக் காற்றில் பின்னேரம் நாலு மணிக்கும் மணல் கொதிக்கும். சிவப்பு 10 சுற்று ஓடி வந்ததும் பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பக்கத்துக் கம்பியின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. பையன், "கடைசி ரெண்டு சுத்திலயும் இழுவை இல்ல அங்கிள்" என்றான்.

அது நான் தொலைபேசியில் சூடான பிளக் போடச் சொன்னதால் வந்த 5 இலக்கப் பிளக். ஒயில் அளவுக்கு மேல் இருந்தவரை அதன் சூடு மறைந்திருந்தது. ஒயில் சரியானதும் வெளியே தெரிந்தது. நுனி 850 பாகைக்கு மேல் போனால் பொறி விழ முதலே அதுவே கலவையைப் பற்றவைக்கும். அப்படி நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். இன்னும் இரண்டு கிழமை அந்தப் பிளக்கோடு ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்னும் விருப்பமில்லை. அங்கேயே ஓட்டத்தை நிறுத்தி, நகரத்துக்கு ஆள் அனுப்பி 7 எடுத்துப் போட்டோம்.

7 போட்டபின் சிவப்பு வேறு மாதிரி நின்றது. கருகாமல், சூடானதும் மட்டும் இருமல். பிள்ளை விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காகக் கையில் கட்டும் பாதுகாப்புக் கயிற்றுச் சுவிச்சைச் சந்தேகித்து அளந்தேன், அது சரி. அதன் வயரைக் கழற்றி ஓட விடலாம் என்று ஒருவர் சொன்னார். அளப்பதற்கு ஒரு நிமிடம் கழற்றலாம், ஓட விடக்கூடாது. பிறகு பிளக் தொப்பியை அளந்தேன். உள்ளே தடை 5 ஆயிரம் ஓம் இருக்க வேண்டியது, 30 ஆயிரத்துக்கு மேல் காட்டியது; சூடாக்கினால் முடிவிலி. தொப்பியைத் திருகிக் கழற்றியபோது வயர் முனை களிம்பு பிடித்துப் பச்சையாக இருந்தது. கடலில் இருந்து ஒரு கிலோமீற்றர் கூட இல்லை அந்தத் தோட்டம். வயரில் ஒரு சென்றிமீற்றர் வெட்டி, புதிய தொப்பி போட்டு, வாயில் சிலிக்கன் கிரீஸ் தடவினேன். அதற்குப் பிறகு இருமல் இல்லை.

பச்சை: சிறுமி முதல் நாளே சொன்னது

என்னை அதிக நாள் சுற்றவைத்தது சின்ன வண்டிதான்.

எயார் பில்டரின் பஞ்சு ஒயிலில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. மணலுக்குப் பஞ்சில் ஒயில் தடவ வேண்டும். தடவிய பின் பிழிந்து எடுக்கவும் வேண்டும். அவர்கள் பிழியவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கொஞ்சமாகத் தடவிப் பிழிந்து போட்டேன். காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். மிதவை மட்டம் சரி. பிறகு நானே ஓட்டிப் பார்த்தேன். என் 70 கிலோவை இழுக்க வேண்டுமே என்று ஹான்டிலில் உள்ள திரொட்டில் கட்டுப்பாட்டு ஸ்குரூவை, அதாவது வேகம் கூட்டும் விசை எவ்வளவு திறக்கலாம் என்று மட்டுப்படுத்தும் ஸ்குரூவை, தளர்த்திவிட்டு ஆறு சுற்று முழு வேகத்தில் ஓடினேன். ஒரு இருமல் இல்லை. பிளக் அழகான இளங்கபிலம். ஸ்குரூவைத் திரும்ப இறுக்கி, வண்டி சரி என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் மூன்றாவது சுற்றில் பச்சை நின்றது. உலர்ந்த கரி.

மறுபடி போனேன், மறுபடி அதே மாதிரி ஓட்டினேன், மறுபடி நன்றாக ஓடியது. பக்கத்தில் நின்ற சிறுமி சொன்னாள்: "நான் ஓடேக்குள்ளதான் நிக்கிது. மாமா ஓடினா நிக்கிதில்ல." தாய் அவளைச் சும்மா இருக்கச் சொன்னார். கொப்பியைப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே, முதல் சனிக்கிழமைத் திகதிக்குக் கீழே அவள் எழுத்தில்: "பச்சை. அப்பா ஓட்டினார் நிக்கல்ல. நான் ஓட்டினேன் நின்டுட்டு." நான் அந்த வரியை முன்பே வாசித்திருந்தேன், அவளுக்கு ஓட்டத் தெரியாததால் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை அவளையே ஓட விட்டேன். கட்டுப்பாட்டு ஸ்குரூ இருக்கும் இடத்தில் இருந்தது. பாதையின் நடுவில் நின்று பார்த்தேன். அவள் கால்வாசித் திரொட்டிலுக்கு மேல் போவதில்லை. வளைவுகளில் முழுக்க விட்டுவிடுகிறாள். எட்டு வயதுப் பிள்ளை அப்படித்தான் ஓட வேண்டும். முழு வேகத்தில் காபரேட்டரின் பெரிய ஜெட் துளையால் பாயும் பெற்றோலோடு பார்த்தால் வேறு எங்காவது கசிவது பெரிதாகத் தெரியாது, சூடும் கரியை எரித்துவிடும். கால்வாசித் திரொட்டிலில் அதே கசிவு மூச்சைத் திணறடிக்கும். ஆகவே மெல்ல ஓடும்போது எங்கிருந்தோ கூடுதல் பெற்றோல் வருகிறது.

இரண்டு சுற்று முடிந்ததும் நிறுத்தி, ஒட்டோ சோக்கைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

இந்த வகை வண்டியில் காபரேட்டரின் பக்கத்தில் பெருவிரல் அளவு கறுப்புச் சாமான் ஒன்று நிற்கும். எஞ்சின் குளிரில் கிளம்பும்போது கூடுதல் பெற்றோல் வரும் சின்ன வழி ஒன்றை அது திறந்து வைத்திருக்கும். உள்ளே மெழுகு. எஞ்சின் ஓடும்போது கொயிலில் இருந்து கரண்ட் வந்து மெழுகைச் சூடாக்கும். மெழுகு விரிந்து ஊசியைத் தள்ளும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வழி மூடிவிடும். ஓடி வந்த எஞ்சினில் அது கைக்குச் சுட வேண்டும். கழற்றி 12 வோல்ற் பற்றரியில் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஊசி நான்கு மில்லிமீற்றர் வெளியே வந்தது. சாமான் நல்லது, கரண்ட்தான் வரவில்லை. வயரைப் பின்தொடர்ந்தால் இருக்கைக்குக் கீழே ஒரு இணைப்பு. பிளாஸ்டிக்கைப் பிரித்தபோது ஒரு முனை உப்பில் அரித்து, தொட்டதும் கையோடு வந்தது.

அந்த வண்டி இங்கே வந்த நாளிலிருந்து சோக் திறந்தபடியேதான் ஓடியிருக்கிறது.

புதிய முனை போட்டு கிரீஸ் வைத்து மூடினேன். சிறுமி 10 சுற்று ஓடினாள், நிற்கவில்லை. பிளக் இன்னும் கொஞ்சம் கருமை. குளிர் நாட்டில் அமைத்த காபரேட்டர். இங்கே காற்று சூடானதால் அடர்த்தி குறைவு, அதே பெற்றோலுக்குக் காற்றுப் போதவில்லை. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி ஊசியைத் தாழ்த்தினேன், காற்று ஸ்குரூவைக் கால் சுற்று வெளியே எடுத்தேன். பெரிய ஜெட்டைத் தொடவில்லை. அவள் அந்த அளவுக்குத் திறப்பதே இல்லை. 2 ஸ்ட்ரோக்கில் பெற்றோலை அளவுக்கு மேல் குறைத்தால் பிஸ்டன் எரியும், அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அவள் ஐந்து சுற்று, பிறகு பிளக், பிறகுதான் அடுத்தது. கடைசியாக 6 இலக்கப் பிளக். சிவப்புக்கு ஆபத்தாக வந்த அதே வைத்தியம், ஒரு படி மட்டும், இந்தச் சின்ன வண்டிக்குப் பொருந்தியது.

ஒத்துக்கொள்ளாத ஒரு யோசனை

இடையில் ஒரு தகப்பன் சொன்னார்: திரொட்டில் ஸ்குரூவைத் தளர்த்தியே விட்டால் பச்சை கரி பிடிக்காது, மெக்கானிக் ஓடும்போது பிடிக்கவில்லையே என்று. எஞ்சினை மட்டும் பார்த்தால் அது உண்மை. ஆனால் அந்த ஸ்குரூ பிளக்குக்காக வைத்ததல்ல, பிள்ளைக்காக வைத்தது. பிளக் கறுத்தால் மாற்றலாம். நான் மாட்டேன் என்றேன், தாயும் என் பக்கம் நின்றார். ஸ்குரூ எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று அளந்து கொப்பியின் அட்டையில் எழுதிவைத்தோம். அதை மாற்றினால் திகதியோடு எழுத வேண்டும்.

தொடர்ந்து நடந்தது

ஜூலை முதல் செப்டெம்பர் கடைசி வரை மூன்று பிளக் மாறியது. நீலத்தில் ஒன்று, ஆகஸ்டில். கானில் கலவை பிழையான நாள் அது, சிரிஞ்சின் நூல் அறுந்திருந்தது. சிவப்பில் ஒன்று நல்ல நிலையிலேயே மாற்றினோம். பச்சையில் ஒன்று, கழற்றும்போது பீங்கான் வெடித்தது, என் சாவி சரிந்ததால். ஓட்டத்தின் நடுவில் வண்டி நின்றது என்று கொப்பியில் ஒரு பதிவும் இல்லை.

கம்பித் தூரிகையை நிறுத்திவிட்டார்கள். அது பீங்கானில் இரும்புக் கோடு விடும், அந்தக் கோட்டாலேயே கரண்ட் ஓடும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பிளக் கறுத்தது என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் இப்போது நான் முதலில் கேட்பது: ஈரமா, தூளா? வெயிலில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அதைப் பார்க்காமல் பிளக் இலக்கத்தை மாற்றச் சொல்வதில்லை. ஒயில் எத்தனை வழியால் எஞ்சினுக்குள் போகிறது என்பது இரண்டாவது கேள்வி.

பிள்ளைகளின் வண்டியைப் பிள்ளையை ஓடவிட்டே சோதிக்கிறேன். நான் ஏறுவதென்றால் ஸ்குரூவைத் தளர்த்தாமல், கால்வாசித் திரொட்டிலில் மட்டும். பச்சைக்கு நான் செலவழித்த இரண்டு கிழமையும், அந்த இரண்டு கிழமை அவள் பாதையில் நின்றுபோகக்கூடிய வண்டியோடு ஓடியதும், என் சோதனை பிழையானதால் வந்தவை. அதை அவளிடம் சொன்னேன். அவள் "அதான் எழுதினேன்" என்றாள்.

ஒட்டோ சோக்கைத் தொட்டுப் பார்ப்பது ஐந்து வினாடி வேலை. காபரேட்டரைக் கழற்ற முதல் அதைச் செய்திருக்க வேண்டும். கடலோரத்தில் ஓடும் வண்டி என்றால் எல்லா வயர் இணைப்பையும் முதல் நாளே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

ஒக்டோபரில் வாடைக்காற்று மழை தொடங்க முதல் மூன்று வண்டியையும் கொட்டிலில் ஏற்ற வேண்டும். காபரேட்டர் கிண்ணத்துப் பெற்றோலை வடித்து, பிளக் துளையால் கொஞ்சம் ஒயில் விட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, இணைப்புகளுக்கு மறுபடி கிரீஸ் வைப்பது என்று பேசியிருக்கிறோம். கானில் மிஞ்சும் கலவையைப் புல்வெட்டும் மெசினுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். கொப்பி சிறுமியிடமே இருக்கிறது.